350 ரூபாய்க்கு நம்ம பாட்டுல குறை சொல்ற சர்வீஸ், மூணு பாட்டு அனுப்பிப் பாத்துட்டேன்

முதல்லயே சொல்லிடுறேன், சர்வீஸ் பேரு போடல. ரெண்டாவது பாட்டு விஷயத்துல ஒரு சொதப்பு சொதப்பினாங்க, அதை எழுதாம விட்டா இது ரிவ்யூவே இல்ல, பேரோட எழுதினா ரெண்டு பேர் பொழப்புல மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடும். நம்ம சேலத்துல சொந்தமா மெட்டு போடுற ஆளுங்களுக்கு யாரைச் சொல்றேன்னு பாதியிலயே புரிஞ்சிடும்.

நான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைல வேலை பாக்குறேன். பகல் பூரா பொடி வச்சு ஊதி வெள்ளியைப் பத்த வைக்கிற வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல போன்ல பேண்ட்லேப்னு பாட்டு ரெக்கார்ட் பண்ற ஆப்பைத் திறந்து பாட்டு. சங்கீதம்லாம் முறையா கத்துக்கல, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வர்ற ஆர்கெஸ்ட்ராவ முன் வரிசைல உக்காந்து பாத்து வளந்த கேஸு. இதுவரைக்கும் பதினோரு பாட்டு முடிச்சிருக்கேன், அதுல எத்தனை உருப்படின்னு எனக்கே தெரியாது, அதுதான் பிரச்சனையே. ஸ்டேட்டஸ்ல வச்சா நெருப்பு எமோஜி வரும், பட்டறைல போட்டுக் காட்டினா "செம மச்சி"ம்பானுங்க, அம்மாவுக்கு நான் மூக்கை உறிஞ்சினாலே பாட்டுதான். யாரும் பொய் சொல்லல, அவங்களுக்கு என்னைப் புடிக்கும், அவ்ளோதான். ஆனா அதை வச்சுக்கிட்டு அடுத்த பாட்டுல எதை மாத்துறதுன்னு கேட்டா ஒண்ணும் கிடைக்காது.

ஏற்காடு போற ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கே, அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நெனப்புதான் வரும். 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டூடியோ, நூறு படத்துக்கு மேல எடுத்த இடம், ஜி.ராமநாதன் மாதிரி ஆளுங்க அந்தப் படங்களுக்கு மெட்டு போட்டிருக்காங்க. சினிமாவுல மெட்டு போடுறவன் எதிர்லயே ஒரு டைரக்டரோ முதலாளியோ உக்காந்து "இது வேணாம், அடுத்ததைப் போடு"ன்னு சொல்ல ஆள் இருக்கும். எனக்கு வேணாம்னு சொல்றதுக்குக் கூட ஆள் இல்லையே, காசு குடுத்தாவது ஒருத்தரை வச்சுக்கலாம்னுதான் இந்த சர்வீஸுக்குப் போனேன்.

எப்படி வேலை செய்யுதுன்னா, ரெண்டு பேர். ஒருத்தர் பழைய மெல்லிசைக் குழுவுல ரொம்ப வருஷம் கீபோர்ட் வாசிச்சவரு, இப்ப ஏற்காட்டுல செட்டில் ஆயிட்டாரு, நாங்க சார்னுதான் கூப்புடுவோம். இன்னொருத்தர் மிக்ஸிங் பாக்குற பையன், கீழ சேலத்துலயே இருக்காப்ல. நீங்க பாட்டை சவுண்ட்கிளவுட்ல ப்ரைவேட் லிங்க்கா போட்டு அனுப்பணும், கூட ஒரு சின்ன ஃபார்ம். அதுல பேரு ஊரெல்லாம் முக்கியமில்ல, ரெண்டே ரெண்டு கேள்விதான் முக்கியம். இந்தப் பாட்டைக் கேட்டு முடிச்சதும் கேக்குறவனுக்கு என்ன ஆகணும்னு நெனச்சீங்க? உங்களுக்கே எந்த இடம் உறுத்துது? இதை நிரப்பாம அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க, எனக்கு முதல் தடவை திரும்பி வந்துச்சு. ரெண்டாவது கேள்விக்கு நான் "ஒண்ணும் உறுத்தல"ன்னு எழுதியிருந்தேன், அதுக்கு சார் "அப்ப எதுக்கு தம்பி 350 ரூபா, தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிடுங்க"ன்னு ஒரு வரி அனுப்பியிருந்தாரு. கோவம் வந்துச்சு, ஆனா நியாயம்தானே.

பதில் ரெண்டு விதமா வரும். ஒண்ணு வாய்ஸ் நோட், பத்து நிமிஷம் பன்னண்டு நிமிஷம் இருக்கும். இன்னொண்ணு பாட்டோட அலை ஓடுற இடத்துலயே நிமிஷம் செகண்டு பாத்து கமெண்ட் போடுவாங்க, சவுண்ட்கிளவுட்ல அந்த வசதி இருக்குறது நமக்குத் தெரியும், ஆனா பொதுவா அதுல ஜனங்க எமோஜியைத்தானே கொட்டுறாங்க. இவங்க அதை உருப்படியா யூஸ் பண்றாங்க. 0:47ல ஒரு கமெண்ட், 1:32ல ஒரு கமெண்ட், மொத்தமே ஏழெட்டுக்கு மேல போகாது.

முதல் பாட்டு ஏற்காடு பஸ்ஸைப் பத்தினது. இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் காது அடைக்குறது, ஜன்னல் வழியா சேலம் சின்னதாகிட்டே போறது, அதையெல்லாம் வச்சு எழுதினேன். பல்லவி "மலை மேல பஸ்ஸு ஏறுது"ன்னு ஆரம்பிக்கும். எனக்கு ரொம்பப் புடிச்ச வரி.

வாய்ஸ் நோட்டைப் போட்டா முதல்ல மழைச் சத்தம், தகரக் கூரைல அடிக்குது, அப்புறம் ஹார்மோனியம். சார் ஒண்ணுமே சொல்லாம என் பல்லவியை அப்படியே நான் பாடின மாதிரியே பாடிக் காட்டினாரு, "மாஆலை மேல பஸ்ஸு ஏறுது". திரும்பவும் ஒருக்கா. அப்புறம் கேக்குறாரு, "ஏன் தம்பி, மாலை மேல எதுக்கு பஸ்ஸை ஏத்துனீங்க, யாரு போட்ட மாலை அது?"

எனக்கு சிரிப்பும் வருது, மானமும் போகுது. ஆறு மாசமா நான் கேட்ட பாட்டு, ஒரு தடவை கூட எனக்கு அது மாலைன்னு கேக்கல, ஏன்னா எழுதினது நான், என் காதுல மலைதான் இருக்கு. முதல் எழுத்து தாளத்துல விழுற இடம், அங்க ரெண்டு அடிக்கு இழுத்து வச்சிருக்கேன், குறிலை இழுத்தா நெடில், முடிஞ்சு போச்சு. படம் பாடம் ஆயிடும், விடு வீடு ஆயிடும், கல் கால் ஆயிடும், தமிழ்ல மெட்டுக்கு வார்த்தை வைக்கிற எல்லாரும் மாட்டுற இடம்னு சொன்னாரு. தத்தகாரத்துல, அதாவது வார்த்தை இல்லாம மெட்டை மட்டும் சொல்றதுல, "தானான தன்ன"ன்னு மெட்டு வந்தா அந்த "தா"ல நெடில் வச்ச வார்த்தைதான் உக்காரும், அங்க போயி "மலை"யத் திணிக்கக் கூடாது. அதுக்கு அவரு ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, "ம"வை தாளத்துக்கு முன்னாடியே சட்டுன்னு சொல்லிட்டு "லை"ய தாளத்துல வச்சு இழுக்குறது, "லை" நெடில், எவ்ளோ இழுத்தாலும் தாங்கும். இல்லன்னா வார்த்தையை மாத்துறது. எது வேணுமோ நீங்களே பாருங்கன்னு விட்டுட்டாரு. நான் முதல் வழி எடுத்தேன், ஒரே எழுத்தை அரை அடி முன்னாடி தள்ளினதுல பாட்டே பஸ்ஸு வளைவுல திரும்புற மாதிரி ஒரு குலுங்கு குலுங்குது, அது நான் நெனைக்கவே இல்ல.

இன்னொண்ணு சொன்னது சுருதி. நான் 2 கட்டைல (கட்டைங்குறது சுருதியோட உயரம், நம்பர் ஏறினா குரலும் மேல ஏறணும்) பாடியிருந்தேன், சரணத்துல மேல் பஞ்சமம் வரைக்கும் போகுது, அங்க தொண்டை நரம்பு புடைக்குறது ரெக்கார்டிங்லயே தெரியுது. 1 கட்டைக்கு இறக்கிப் பாருங்க, ஆனா இறக்கினா பல்லவியோட கடைசி வரி அடில போயி முணுமுணுப்பா ஆயிடும், போன் ஸ்பீக்கர்ல சுத்தமா கேக்காது, அதையும் பாத்துக்கங்கன்னாரு. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு என்ன ஆகும்னு சேத்துச் சொன்னாரு பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சது. சும்மா "பிட்ச் ஹை ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போறதுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

அவரு சொன்னதுல நான் கேக்காத விஷயமும் உண்டு. ஆரம்பத்துல 40 செகண்டுக்கு பஸ் ஸ்டாண்டு சத்தம், கண்டக்டர் விசில் எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன், அதை மொத்தமா தூக்கிடச் சொன்னாரு. பாதி தூக்கினேன். விசிலை விடல. அது என் பாட்டு, விசில் இருக்கும்.

மிக்ஸிங் பையன் சொன்னது நல்லா இருந்துச்சு ஆனா பாதிதான் உதவிச்சு. "மாஸ்டர்ல ரொம்ப நசுக்கி மைனஸ் 7 லஃப்ஸ் கிட்ட கொண்டாந்துட்டீங்க, ஸ்பாட்டிஃபைல போட்டா அவன் மைனஸ் 14க்கு இறக்கிடுவான், அப்ப சத்தமும் மிஞ்சாது உசுரும் மிஞ்சாது"ன்னாப்ல. மாஸ்டர்னா கடைசியா முழுப் பாட்டுக்கும் சத்தத்தைச் சரி பண்றது, லஃப்ஸ்னா அந்தச் சத்தத்தை அளக்குற கணக்கு, ஜீரோவுக்குக் கிட்ட போகப் போக சத்தம் ஜாஸ்தி. இது பளிச்சுன்னு புரிஞ்சுது, பத்து பாட்டா நான் இதே தப்பைத்தான் பண்ணிட்டு இருந்தேன். ஆனா அடுத்த வரியே "300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 3 டிபி எடுங்க"ன்னு இருக்கு. எதுல எடுக்குறது, குரல்லயா கிட்டார்லயா, போன் ஆப்ல எந்த பட்டன்? ஃபார்ம்ல போன்னு தெளிவா போட்டிருக்கேன், அப்புறமும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குறவனுக்குச் சொல்ற மாதிரி சொன்னா எப்படி. கேட்டு மெசேஜ் போட்டேன், ரெண்டு நாள் கழிச்சு "குரல்ல ப்ரோ, கம்பளிக்குள்ள பாடின மாதிரி கேக்குது"ன்னு பதில் வந்துச்சு. நான் நெஜமாவே கம்பளிக்குள்ளதான் பாடினேன், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் விழக்கூடாதுன்னு.

இப்ப ரெண்டாவது பாட்டு. அஞ்சு நாள்ல பதில்னு சொல்லிட்டு ஒம்போது நாள் ஆச்சு. அதுவாவது பரவால்ல, மேல மழை, கரண்டு இல்ல, நெட்டு இல்லன்னு காரணம் இருந்துச்சு. ஆனா வந்த வாய்ஸ் நோட்டுல "அந்த வயலின் ரொம்ப அழுகுது, கொஞ்சம் அடக்குங்க"ங்குறாரு. என் பாட்டுல வயலினே கிடையாது! நானும் ஒருவேளை ஆப்ல வர்ற சிந்த் (எலக்ட்ரானிக் கீபோர்ட் சத்தம்), அதைத்தான் சொல்றாரோன்னு மூணு தடவை கேட்டேன், அப்புறம் "ரெண்டாவது சரணத்துல அந்தப் பொண்ணு குரல்"ன்னு வந்ததும் விட்டுட்டேன். வேற யாருக்கோ போக வேண்டியது. விசாரிச்சா ரெண்டு பேரோட ஃபைல் பேரும் "ஃபைனல் ஃபைனல் 2"வாம். சரி தப்பு எம்மேலயும் கொஞ்சம் இருக்கு, ஆனா காசு வாங்குறவங்க ஒரு நம்பர் போட்டு வச்சுக்க மாட்டாங்களா? காதல் தோத்துப் போனதுக்கு அப்புறம் எழுதின பாட்டு அது, வீட்டுல கூட போட்டுக் காட்டல, அதைப் பத்தின கருத்து எந்த ஊர்ல யாரு காதுக்குப் போச்சோ. கேட்டதும் மன்னிப்பு கேட்டு இலவசமா திரும்பப் பண்ணிக் குடுத்தாங்க, மறைக்கல, சாக்கு சொல்லல. ஆனா ரெண்டாவதா வந்தது அவசரத்துல பண்ணது, நாலே நிமிஷம், மிக்ஸிங் மட்டும், வரியைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. இந்த இடத்துல ஒரு ஸ்டார் போச்சு.

மூணாவது பாட்டுக்குத்தான் 350 போதாதுன்னு 600 கட்டினேன், அதுல இருபது நிமிஷம் போன்லயே பேசலாம். இந்தப் பாட்டுல எனக்கு உறுத்தின இடத்தை ஃபார்ம்ல சரியா எழுதவே தெரியல, "பல்லவி முடியும்போது முடிஞ்ச மாதிரியே இல்ல, ஏன்னு தெரியல"ன்னு மட்டும் போட்டேன். மோகன ராகத்துல போட்டதா எனக்கு ஒரு எண்ணம், கீழ கிட்டார்ல சி மேஜர் கார்டு (சேந்து ஒலிக்கிற சுரக் கூட்டு) திரும்பத் திரும்ப ஓடுது.

சார் போன்ல கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்தப் பாட்டுக்கு வீடு எங்க இருக்கு?" எனக்குப் புரியல. ஹார்மோனியத்துல ச-வை, அதாவது பாட்டு வந்து நிக்க வேண்டிய ஆதார சுரத்தை, அழுத்திப் புடிச்சுக்கிட்டே என் பல்லவியைப் பாடினாரு. ஒவ்வொரு வரியும் த-ல போயி நிக்குது. ச-வுக்கு வரவே இல்ல. அப்புறம் த-வை அழுத்திக்கிட்டு அதே மெட்டைப் பாடினாரு, ஒரு சுரம் கூட மாத்தல, பாட்டு வேற பாட்டு ஆயிடுச்சு, அப்படியே ஒரு சோகம் வந்து உக்காந்துச்சு. மோகனத்துல இருக்குற அதே அஞ்சு சுரம்தான், ரி-ய ச-வா வச்சா மத்யமாவதி ராகம், க-வ வச்சா ஹிந்தோளம், ப-வ வச்சா சுத்த சாவேரி, த-வ வச்சா சுத்த தன்யாசி, கிரக பேதம்னு பேராம். "உங்க தொண்டை சுத்த தன்யாசி பாடுது, உங்க கிட்டார் மோகனம் வாசிக்குது, ரெண்டும் ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு வச்ச கதை"ன்னாரு. நான் உடனே அப்ப எது சரி சார்னு கேட்டேன். "சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல, பாட்டு என்ன சொல்லணும்னு ஃபார்ம்ல எழுதினீங்களோ அதைப் படிங்க"ன்னு சொன்னாரு. ஊரை விட்டுப் போறவன் சிரிச்சுக்கிட்டே போற மாதிரின்னு நான்தான் எழுதியிருக்கேன். அப்புறம் பல்லவிக்கு சி மேஜரை அப்படியே விட்டுட்டு, சரணத்துக்கு மட்டும் அடில த-வை வீடா வச்ச ஏ மைனரைப் போட்டேன். சிரிக்கிறவன் சரணத்துல மாட்டிக்கிட்டான். இந்த ஒரு போன் காலுக்கு 600 இல்ல, ஆயிரம் குடுக்கலாம்.

பட்டறைல வெள்ளிக்கு டச் பாக்குற மாதிரி பாட்டுக்கு இத்தனை மார்க்குன்னு ஒரு நம்பர் கேட்டுப் பாத்தேன், தர மாட்டேன்னுட்டாங்க. முதல்ல ஏமாத்தமா இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா 62ன்னு சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன், ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம சுத்தியிருப்பேன், மாலை மாலையாவே இருந்திருக்கும்.

இதுல இன்னொரு சமாச்சாரம் இருக்கு, யாரும் பெருசா சொல்றதில்ல. மத்தவங்க ரெண்டு பேர் பாட்டுக்கு நீங்க கருத்து எழுதிக் குடுத்தா அடுத்த தடவை நூறு ரூபா குறைப்பாங்க. நூறு ரூபாதானேன்னு போனேன். நான் எழுதின முதல் கருத்து "ரொம்ப நல்லாருக்கு, குரல் இனிமை, வாழ்த்துகள்", அதை சார் அனுப்பவே இல்ல, "எந்த இடத்துல நல்லாருந்துச்சு?"ன்னு என்கிட்டயே திருப்பிட்டாரு. எந்த இடம்னு தேடப் போனா அப்பதான் பாட்டையே ஒழுங்கா கேக்குறேன். நல்லதைச் சொல்றதுக்கும் நிமிஷம் செகண்டு வேணும்ங்குறாரு, இல்லன்னா எதை மாத்தாம வச்சுக்கணும்னு எழுதினவனுக்கு எப்படித் தெரியும்.

ரெண்டாவதா வந்தது காலேஜ் படிக்குற ஒரு பொண்ணோட பாட்டு, பாட்டியைப் பத்தி. பின்னாடி "டக்கு டடக்கு"ன்னு ஒரு சத்தம் பாட்டு பூரா ஓடுது, குரலை முழுங்குது. நான் பெரிய விமர்சகர் கணக்கா 0:20ல "பெர்குஷன் சேம்பிள் மட்டமா இருக்கு, சத்தமும் ஜாஸ்தி, வேற லூப் போடுங்க"ன்னு எழுதினேன். அவங்க ஃபார்மைப் படிக்காமயே எழுதிட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, "அண்ணா அது லூப் இல்லைங்க, அம்மாப்பேட்டைல எங்க வீட்டுத் தறி. பாட்டி நெய்யும்போது வச்சு எடுத்தேன், இப்ப அவங்க இல்ல."

பட்டறைல கையில ஊதுகுழலோட நின்னுட்டு இதைப் படிச்சேன். கொஞ்ச நேரம் வேலையே ஓடல. அப்புறம் சாருக்குப் போன் போட்டு நான் எழுதினதை எடுத்துடட்டுமான்னு கேட்டேன், வேணாம், குரல் முழுங்குதுன்னு உங்களுக்குக் கேட்டது நெசம்தானே, அதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைத் திருத்துங்கன்னாரு. திருத்தி எழுதினேன்: 0:20ல தறிச் சத்தமும் உங்க குரலும் ஒரே நேரத்துல வருது, எனக்கு வார்த்தை கேக்கல, தறி ஒரு அடி அடிச்சு அடுத்த அடிக்குப் போற இடைவெளில வார்த்தை விழுந்தா எப்படி இருக்கும்? அந்தப் பொண்ணு அப்படியே பாடி அனுப்பிச்சு. தறியோட பேசிக்கிட்டே பாடுற மாதிரி இருக்கு. என் பதினோரு பாட்டையும் அந்த ஒரு பாட்டு தின்னுடும், பொறாமையா இருக்கு, இருக்கட்டும்.

யாருக்கு செட் ஆகும்னா, ஒரு பாட்டையாவது முழுசா முடிச்சவங்களுக்கு. பாதி ட்யூனை ஹம் பண்ணி அனுப்பிட்டு என்ன பண்ணலாம்னு கேக்குறவங்களுக்கு இது வேஸ்ட். ராப், எலக்ட்ரானிக் பண்றவங்களுக்கும் யோசனையாத்தான் இருக்கு, சாருக்கு அந்தப் பக்கம் காது கொஞ்சம் கம்மி, பையன் மட்டும்தான் பதில் சொல்லுவாப்ல. பொடி வச்சுப் பேச மாட்டாங்க, நேராத்தான் சொல்லுவாங்க, அதனால ஒரு நாள் நல்லாத் தூங்கி எழுந்துட்டு வாய்ஸ் நோட்டைக் கேளுங்க, பஸ்ல நின்னுட்டு கேக்காதீங்க. ஃபைலுக்கு உங்க பேரு, பாட்டு பேரு, தேதி மூணும் போடுங்க, ஏன்னு உங்களுக்கே தெரியும். மழைக்காலத்துல பத்து நாள் ஆகும்னே வச்சுக்கங்க. அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன், போன் கால் வாங்கினா நாலு.

திருத்தின பஸ் பாட்டை போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட போட்டுக் காட்டி, முதல் வார்த்தை என்னன்னு கேக்குதும்மான்னு கேட்டேன். "மலைன்னு கேக்குது. ஆனா எதுக்குடா நடுவுல அந்தக் கண்டக்டர் விசிலு, பாத்திரம் கழுவிட்டு இருக்கேன், குக்கர்னு நெனச்சு ஓடியாந்தேன்."